மறுமலர்ச்சிக் காலக் கலைஞர்கள்: மைக்கல் ஆஞ்சலோ (1475 – 1564) வாழ்க்கையும் கலை நுட்பங்களும்



மறுமலர்ச்சிக் காலக் கலைஞர்கள் யார் எனக் கேட்டால் லியனாடோ டாவின்சி, மைக்கல் ஆஞ்சலோ, ரபாயல் என்ற மூன்று பெயர்களையும் நீங்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுவீர்கள். அவர்களது படைப்புகளின் பெயர்களையும் தடையின்றி எழுதுவீர்கள். ஆனால் மைக்கல் ஆஞ்சலோவின் ஓவியங்களில் காணப்படும் சிறப்பியல்புகளை விளக்குக என்று வினா வந்தால் பலருடைய பேனா அப்படியே நின்றுவிடுகின்றது. மாதிரி வினாத்தாள்களைத் திருத்தும்போது நான் தொடர்ந்து காணும் குறைபாடு இதுதான். பெயர்களும் ஆண்டுகளும் சரியாக இருக்கும். விளக்கம் இருக்காது.

இதற்குக் காரணம் படைப்புகளைத் தனித்தனிச் செய்திகளாக மனனம் செய்வதாகும். அவற்றை இணைக்கும் கயிறு ஒன்று உண்டு. மைக்கல் ஆஞ்சலோ வாழ்நாள் முழுவதும் தம்மை ஒரு சிற்பி என்றே கருதினார். கடிதங்களிற் கையொப்பமிடும்போதுகூடத் தமது பெயருடன் சிற்பி என்று சேர்த்து எழுதும் வழக்கம் அவருக்கு இருந்தது. ஓவியம் வரையுமாறு பணிக்கப்பட்டபோதும் சிற்பியின் கண்ணாலேயே பார்த்தார், சிற்பியின் கையாலேயே வரைந்தார். இந்த ஒன்றை மனதில் இருத்திக்கொண்டு அவரது வாழ்க்கையை வாசியுங்கள். நுட்பங்கள் தாமாகவே விளங்கும்.

1. பிறப்பும் இளமைப் பருவமும்

மைக்கல் ஆஞ்சலோ 1475 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 6 ஆம் திகதி இத்தாலியின் தஸ்கனிப் பிரதேசத்திலுள்ள கப்ரேசே என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் லொடோவிக்கோ புவொனரோட்டி அப்போது அவ்வூரின் நிருவாக அதிகாரியாகக் கடமையாற்றினார். பிறந்து சிறிது காலத்திற்குள் குடும்பம் புளோரன்ஸ் நகருக்குத் திரும்பியது.

குழந்தையைப் பாலூட்டி வளர்ப்பதற்காக செத்தினியானோ என்னும் ஊரிலிருந்த ஒரு பெண்ணிடம் ஒப்படைத்தனர். அது கல் வெட்டும் தொழிலாளர் வாழ்ந்த ஊர். அப்பெண்ணின் குடும்பமும் கல் வேலை செய்த குடும்பமே. உளியும் சுத்தியலும் தமக்குத் தாய்ப்பாலுடன் வந்தவை என்ற கருத்தில் மைக்கல் ஆஞ்சலோ பிற்காலத்தில் வேடிக்கையாகக் கூறியதுண்டு. அவருக்கு 6 வயதாக இருந்தபோது தாயார் இறந்துவிட்டார்.

தந்தையார் மகனைப் படிப்பில் ஈடுபடுத்த விரும்பினார். மகனின் மனமோ வரைவதிலேயே இருந்தது. கைத்தொழில் செய்து பிழைப்பது தம் குடும்பத்தின் கௌரவத்திற்குப் பொருந்தாது எனத் தந்தையார் எண்ணியதால் வீட்டில் கண்டிப்பும் அடியும் கிடைத்தன. இறுதியில் மகனின் பிடிவாதமே வென்றது. 1488 இல், 13 வயதில், புளோரன்ஸின் புகழ்பெற்ற ஓவியரான டொமினிக்கோ கிர்லண்டாயோவின் பட்டறையில் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் மாணவராகச் சேர்க்கப்பட்டார்.

2. கல்வி பெற்ற மூன்று இடங்கள்

முதலாவது இடம் கிர்லண்டாயோவின் பட்டறை. அங்கு தேவாலயச் சுவர்களில் ஈரச்சுதை ஓவியம் வரையும் வேலை நடைபெற்றது. சாந்து கலப்பது, வண்ணம் அரைப்பது, படத்தைச் சுவருக்கு மாற்றுவது ஆகியவற்றை இங்கு கண்டறிந்தார். 20 ஆண்டுகளின் பின்னர் இந்த அறிவு அவருக்குக் கைகொடுத்தது.

இரண்டாவது இடம் மெடிச்சித் தோட்டம். புளோரன்ஸை வழிநடத்திய லொறென்சோ டி மெடிச்சி பண்டைய உரோமச் சிற்பங்களைச் சேகரித்து வைத்திருந்தார். இளம் மாணவர்கள் அவற்றைப் பார்த்துப் பயில அனுமதிக்கப்பட்டனர். சிற்பி பேர்டோல்டோ அங்கு மேற்பார்வையாளராக இருந்தார். மைக்கல் ஆஞ்சலோவின் திறமையைக் கண்ட லொறென்சோ அவரைத் தமது மாளிகையிலேயே தங்கவைத்தார். அறிஞர்களும் கவிஞர்களும் கூடிய அவ்வீட்டில் பண்டைய கிரேக்க, உரோமச் சிந்தனைகள் அவரது காதில் விழுந்தன. மறுமலர்ச்சியின் மனிதநேயச் சிந்தனையை அவர் நூல்களில் மட்டுமன்றி உணவு மேசையிலும் கற்றார் எனலாம். மாடிப்படி அருகே மரியாள், சென்ரோர்களின் போர் ஆகிய புடைப்புச் சிற்பங்கள் இக்காலத்திற்குரியவை. இங்கு உடன் பயின்ற டொரிஜானோ என்பவருடன் ஏற்பட்ட சச்சரவில் முகத்தில் விழுந்த குத்தினால் மைக்கல் ஆஞ்சலோவின் மூக்கெலும்பு உடைந்தது. அந்த அடையாளம் இறுதிவரை மாறவில்லை.

மூன்றாவது இடம் சாந்தோ ஸ்பிரித்தோ மடாலயத்தின் வைத்தியசாலை. 1492 இல் லொறென்சோ இறந்த பின்னர், அம்மடாலயத் தலைவரின் அனுமதியுடன் இறந்த உடல்களை அறுத்து ஆராய்ந்தார். தோலுக்குக் கீழே தசை எங்கு தொடங்கி எங்கு முடிகின்றது, கையை உயர்த்தினால் தோளிலும் முதுகிலும் எவை அசைகின்றன என்பவற்றைக் கண்ணாற் கண்டார். அவரது உருவங்களின் உடற்கூற்றுச் செம்மைக்கு இதுவே அடிப்படை.

கவனத்திற் கொள்க: சுதை ஓவியப் பயிற்சி, பண்டைய சிற்பங்களின் அறிமுகம், உடற்கூற்று ஆய்வு என்ற மூன்றும் அவரது கலைக்கு அடித்தளமாக அமைந்தன.

3. பியற்றா (1498 – 1499)

1496 இல் மைக்கல் ஆஞ்சலோ உரோம் நகருக்குச் சென்றார். அங்கு பிரெஞ்சு கர்தினால் ஒருவர் தமது கல்லறைக்கென ஒரு சிற்பத்தைச் செய்யுமாறு கேட்டார். சிலுவையிலிருந்து இறக்கப்பட்ட இயேசுவின் உடலை மடியில் தாங்கியபடி கன்னி மரியாள் அமர்ந்திருக்கும் காட்சி அது. இவ்வகைச் சிற்பம் இத்தாலிய மொழியில் பியற்றா எனப்படும். இரக்கம் என்பது அதன் பொருள். இதற்குரிய வெண்ணிறச் சலவைக்கல்லைத் தெரிவுசெய்ய அவரே கராரா மலைப்பகுதிக்குச் சென்றார்.

இதில் அவர் எதிர்கொண்ட சிக்கலைச் சிந்தித்துப் பாருங்கள். வளர்ந்த ஆணொருவரின் உடலை ஒரு பெண் மடியில் தாங்கினால் தலையும் காலும் இருபுறமும் நீட்டிக்கொண்டு நிற்கும். காட்சி அழகற்றுப் போகும். அவர் மரியாளின் ஆடையை விரிவாக, ஆழமான மடிப்புகளுடன் செதுக்கினார். அந்த ஆடையே உடலைத் தாங்கும் அகன்ற பீடமாக மாறியது. உச்சியில் மரியாளின் தலையும் கீழே விரிந்த ஆடையும் சேர்ந்து முக்கோண அமைப்பை உருவாக்குகின்றன. மரியாள் எழுந்து நின்றால் அளவுக்கு மீறிய உயரமுடையவராக இருப்பார். ஆயினும் பார்ப்போருக்கு அது தெரிவதில்லை.

மரியாளின் மார்பின் குறுக்கே செல்லும் பட்டியில் அவரது பெயர் செதுக்கப்பட்டுள்ளது. அவர் தமது பெயரைப் பொறித்த ஒரே சிற்பம் இதுவாகும். இது முடிவடைந்தபோது அவருக்கு வயது 24. இன்று வத்திக்கானின் புனித பேதுரு பேராலயத்தில் உள்ளது. 1972 இல் ஒருவர் சுத்தியலால் தாக்கிச் சேதப்படுத்தியதை அடுத்துத் திருத்தப்பட்டு, கண்ணாடித் தடுப்பின் பின்னால் வைக்கப்பட்டது.

4. டேவிட் (1501 – 1504)

புளோரன்ஸ் பேராலயத்தின் முற்றத்தில் ஒரு பெரிய சலவைக்கல் நெடுங்காலமாகக் கிடந்தது. 1464 இல் அகொஸ்தினோ டி டூச்சியோ என்ற சிற்பி அதில் வேலையைத் தொடங்கிக் கைவிட்டார். பின்னர் அன்ரோனியோ றொசலினோ என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டும் வேலை முன்னேறவில்லை. கல் உயரமாக இருந்தபோதிலும் அகலம் குறைவு. ஏற்கெனவே சில இடங்களில் வெட்டப்பட்டும் இருந்தது. அதன் பின் ஏறத்தாழ 25 ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்தது.

1501 இல் 26 வயது மைக்கல் ஆஞ்சலோ அக்கல்லைப் பொறுப்பேற்றார். புதிய கல் கேட்கவில்லை. இருந்த குறைகளுக்குள் அடங்கும் உருவம் எது என்று சிந்தித்தார். அகலம் குறைந்த கல்லில் கைகளை விரித்த உருவத்தைச் செதுக்க முடியாது. ஆகவே வலது கை உடலோடு ஒட்டித் தொங்க, இடது கை மடங்கித் தோளிலுள்ள கவணைப் பிடிக்க, நேராக நிற்கும் இளைஞனின் உருவத்தை அமைத்தார். அடுத்தவர்கள் விட்டுச்சென்ற பிழையே அவரது உருவ அமைப்பைத் தீர்மானித்தது என்பது இங்கு விளங்கிக்கொள்ள வேண்டிய விடயம்.

இச்சிற்பத்தின் சிறப்பியல்புகள் பின்வருமாறு:

அ) உயரம் ஏறத்தாழ 5.17 மீற்றர்.

ஆ) உடலின் பாரம் வலது காலில் தங்கியுள்ளது. இடது கால் தளர்ந்துள்ளது. அதனால் இடுப்பும் தோளும் எதிரெதிர்ச் சாய்வில் அமைகின்றன. பண்டைய கிரேக்கச் சிற்பிகள் கையாண்ட இந்நிலை கொன்ட்ரபொஸ்டோ எனப்படும்.

இ) முன்னைய சிற்பிகளான டொனதெல்லோ, வெரோக்கியோ ஆகியோர் கொலியாத்தின் வெட்டப்பட்ட தலை காலடியிற் கிடக்க, வெற்றி பெற்ற டேவிட்டைக் காட்டினர். மைக்கல் ஆஞ்சலோவின் டேவிட்டின் காலடியில் தலை இல்லை. போர் இன்னும் தொடங்கவில்லை. சுருங்கிய புருவம், பக்கம் திரும்பிய பார்வை, புடைத்த கழுத்துத் தசை, வலது கையின் நரம்புகள் என்பன சண்டைக்கு முந்திய கணத்தின் பதற்றத்தைக் காட்டுகின்றன.

ஈ) தலையும் வலது கையும் உடலின் அளவுக்குச் சற்றுப் பெரியவை. பேராலயத்தின் உயரமான இடத்தில் வைப்பதற்கென முதலில் திட்டமிடப்பட்டமையால், கீழிருந்து பார்ப்போருக்காக இவ்வாறு அமைத்தார் எனப் பலர் விளக்குவர்.

சிற்பத்தை எங்கு வைப்பது என்பதைத் தீர்மானிக்க 1504 இல் கூடிய குழுவில் லியனாடோ டாவின்சியும் பொத்திச்செல்லியும் இடம்பெற்றனர். இறுதியில் நகர ஆட்சி மண்டபத்தின் வாயிலில் நிறுவப்பட்டது. 1494 இல் மெடிச்சிக் குடும்பத்தை வெளியேற்றிக் குடியரசாக விளங்கிய புளோரன்ஸ் மக்கள், பேருருவனை எதிர்த்த சிறுவனில் தம்மைக் கண்டனர். 1873 இல் இச்சிற்பம் பாதுகாப்புக் கருதி அக்கடமியா கலைக்கூடத்துக்கு மாற்றப்பட்டது. பழைய இடத்தில் இன்று நிற்பது அதன் பிரதியாகும்.

5. சிற்பம் செதுக்கும் நுட்பம்

களிமண்ணில் உருவம் செய்பவர் சேர்த்துச் சேர்த்து வளர்க்கின்றார். பிழைத்தால் மீண்டும் ஒட்டலாம். கல்லில் செதுக்குபவரோ நீக்கி நீக்கிச் செல்கின்றார். நீக்கியதை மீண்டும் ஒட்ட முடியாது. மைக்கல் ஆஞ்சலோ இந்த நீக்கும் முறையையே உண்மையான சிற்பக்கலை எனக் கொண்டார். உருவம் கல்லினுள் ஏற்கெனவே இருக்கின்றது, மேலதிகக் கல்லை அகற்றி அதை வெளிக்கொணர்வதே சிற்பியின் பணி என்ற கருத்து அவரது கவிதைகளில் வெளிப்படுகின்றது.

அவரது வேலை முறையின் படிகள்:

அ) தாளில் வரைபடங்கள் வரைதல். மெழுகு அல்லது களிமண்ணில் சிறிய மாதிரியுரு செய்தல்.

ஆ) கல்லின் முன்முகத்திலிருந்து பின்னோக்கிச் செதுக்குதல். நீர் நிறைந்த தொட்டியில் படுக்கவைத்த உருவத்தை மெல்ல மேலே உயர்த்தினால் முதலில் முழங்காலும் மார்பும், பின்னர் பக்கங்களும் வெளிப்படும் அல்லவா? அவரது உருவங்களும் கல்லிலிருந்து அவ்வாறே வெளிப்பட்டன என வசாரி என்னும் அக்கால நூலாசிரியர் விளக்கியுள்ளார். பின்பக்கத்தில் கல் மிச்சமிருப்பதால் இடையில் திருத்தம் செய்யவும் இடமிருந்தது.

இ) கூருளியால் பெரும் பகுதிகளை உடைத்தெடுத்தல். பின்னர் பல்லுளியால் வடிவத்தை நெருங்குதல். பல்லுளி என்பது நுனியில் பற்கள் போன்ற வெட்டுகளைக் கொண்டது. அது விட்டுச்செல்லும் சமாந்தரக் கோடுகளை அவரது முடிவுறாத சிற்பங்களில் இன்றும் காணலாம்.

ஈ) அரத்தால் தேய்த்து, நுரைக்கல்லால் மெருகூட்டுதல். பியற்றாவின் பளபளப்பு இவ்வாறு கிடைத்ததாகும்.

6. சிஸ்டைன் சிற்றாலய விதானம் (1508 – 1512)

1505 இல் பாப்பரசர் இரண்டாம் ஜூலியஸ் தமக்கு ஒரு பிரமாண்டமான கல்லறையை அமைக்குமாறு மைக்கல் ஆஞ்சலோவை அழைத்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட சிற்பங்களைக் கொண்ட திட்டம் அது. அவர் பல மாதங்கள் கராராவில் தங்கிக் கல் தெரிவுசெய்தார். ஆனால் பாப்பரசரின் கவனம் புனித பேதுரு பேராலயத்தைப் புதிதாகக் கட்டுவதில் திரும்பியது. பணம் கிடைக்கவில்லை. கோபமுற்ற சிற்பி 1506 இல் உரோமை விட்டுப் புளோரன்ஸுக்குச் சென்றுவிட்டார். பின்னர் சமாதானமாகித் திரும்பியபோது கிடைத்தது கல்லறை வேலை அல்ல. சிஸ்டைன் சிற்றாலயத்தின் விதானத்தில் ஓவியம் வரையும் வேலை.

அவர் விரும்பவில்லை. தாம் ஓவியர் அல்லர் என்று மறுத்துப் பார்த்தார். மறுப்பு ஏற்கப்படவில்லை. வேலை தொடங்கிய சில காலத்தில் சாந்தில் பூஞ்சணம் பிடித்தது. தமது வாதம் சரியாகிவிட்டது என எண்ணி வேலையை விட்டுவிட முயன்றார். கட்டடக் கலைஞர் சங்கல்லோ வந்து, சாந்தில் நீர் அதிகம் என்று காட்டித் திருத்தும் வழியைச் சொல்லிக் கொடுத்தார். வேலை தொடர்ந்தது.

விதானம் ஏறத்தாழ 40 மீற்றர் நீளமும் 13 மீற்றர் அகலமும் உடையது. தரையிலிருந்து ஏறத்தாழ 20 மீற்றர் உயரத்தில் உள்ளது. முதலில் கேட்கப்பட்டது 12 அப்போஸ்தலர்களின் உருவங்கள் மட்டுமே. மைக்கல் ஆஞ்சலோ அத்திட்டத்தை விரிவாக்கினார். நடுவில் உலகப் படைப்பிலிருந்து நோவா வரையான ஒன்பது காட்சிகள், சுற்றிவர ஏழு இறைவாக்கினரும் ஐந்து தீர்க்கதரிசினிகளும், கீழே கிறிஸ்துவின் மூதாதையர் என முந்நூறுக்கும் மேற்பட்ட உருவங்கள் இடம்பெற்றன. ஆதாமின் படைப்பு இவற்றுள் மிகவும் புகழ்பெற்றது.

பிழை திருத்துக: அவர் மல்லாந்து படுத்தபடி வரைந்தார் எனப் பல குறிப்புகளில் எழுதப்பட்டுள்ளது. இது தவறு. சுவரில் துளையிட்டுத் தாங்கிகள் பொருத்தி அவரே அமைத்த சாரத்தின் மீது நின்றுகொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கையை மேலே உயர்த்தி வரைந்தார். முகத்தில் வண்ணம் சொட்டியதையும் முதுகு வளைந்ததையும் அவரே ஒரு கவிதையில் நகைச்சுவையாக எழுதி, ஓரத்தில் தாம் நின்று வரையும் சிறு படத்தையும் கீறியுள்ளார்.

7. ஈரச்சுதை ஓவிய நுட்பம்

பிரெஸ்கோ எனப்படும் ஈரச்சுதை ஓவியத்தில் வண்ணத்தை ஒட்டவைக்கும் பசை எதுவும் தேவையில்லை. காரணத்தை உங்கள் விஞ்ஞான அறிவைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். ஈரமான சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள காபனீரொட்சைட்டுடன் தாக்கமடைந்து கல்சியம் காபனேற்றாக இறுகுகின்றது. சாந்து ஈரமாக உள்ளபோது பூசப்படும் வண்ணத் துணிக்கைகள் அந்த இறுகலுக்குள் சிறைப்படுகின்றன. வண்ணம் சுவரின் மேல் அல்ல, சுவரின் பகுதியாகவே ஆகிவிடுகின்றது.

செய்முறை:

அ) விதானத்தில் முதலில் கரடுமுரடான சாந்துப் படையைப் பூசி உலரவிடுதல்.

ஆ) அன்றைய தினம் வரைந்து முடிக்கக்கூடிய அளவு பரப்பிற்கு மட்டும் மெல்லிய மென்சாந்தைப் பூசுதல். ஒருநாள் வேலைக்குரிய இப்பரப்பு ஜியோர்னாத்தா எனப்படும்.

இ) முழு அளவில் தாளில் வரைந்த படத்தைச் சாந்துக்கு மாற்றுதல். கோடுகள் வழியே ஊசித் துளைகள் இட்டுக் கரித்தூளைத் தட்டுவது ஒரு முறை. தாளின் மேல் கூரான கருவியால் அழுத்தி ஈரச்சாந்தில் கோடு பதிப்பது மற்றொரு முறை. மைக்கல் ஆஞ்சலோ இரண்டையும் கையாண்டார். அனுபவம் கூடிய பின் சில பகுதிகளைத் தாளின் துணையின்றி நேரடியாகவே வரைந்தார்.

ஈ) சாந்து உலர்வதற்கு முன் வரைந்து முடித்தல். பிழைத்தால் அப்பகுதிச் சாந்தைச் சுரண்டி மீண்டும் பூசவேண்டும்.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். கல்லைப் போலவே ஈரச்சாந்தும் தடுமாற்றத்தை மன்னிப்பதில்லை. முன்கூட்டியே மனதில் உருவத்தை முழுமையாகக் காண்பவருக்கே இரண்டும் வசப்படும்.

விதானத்தில் சிற்பியின் கை எங்கெல்லாம் தெரிகின்றது?

• உருவங்களின் வெளிக்கோடுகள் தெளிவாக உள்ளன. லியனாடோவின் ஓவியங்களிலோ விளிம்புகள் புகைபோல் மங்கி ஒன்றிலொன்று கலக்கும்.
• ஒளி, நிழல் மூலம் தசைகள் திரண்டு, கல்லில் செதுக்கியவை போல் தோன்றுகின்றன.
• உடல்கள் முறுக்கிய, திரும்பிய நிலைகளில் உள்ளன.
• இயற்கைக் காட்சிகள் மிகக் குறைவு. மனித உடலே முதன்மை பெறுகின்றது.
• காட்சிகளைப் பிரிப்பதற்குச் சலவைக்கற் தூண்களும் பீடங்களும் இருப்பது போலவே வண்ணத்தால் தீட்டப்பட்டுள்ளன.
• லிபியத் தீர்க்கதரிசினி போன்ற பெண் உருவங்களும் உறுதியான தோள்களைக் கொண்டுள்ளன. அதற்குரிய ஆயத்த வரைபடம் ஆண் மாதிரியைப் பார்த்து வரையப்பட்டது.

முதலில் வரைந்த வெள்ளப்பெருக்குக் காட்சியில் சிறிய உருவங்கள் நிறைந்துள்ளன. கீழிருந்து பார்ப்போருக்கு அவை தெளிவாகத் தெரியவில்லை. பின்னைய காட்சிகளில் உருவங்களின் எண்ணிக்கையைக் குறைத்து அளவைப் பெருப்பித்தார். ஆதாமின் படைப்பு இந்த மாற்றத்தின் பலனாகும். வேலை நடைபெறும்போதே அவர் கற்றுக்கொண்டிருந்தார்.

நூற்றாண்டுகளாகப் படிந்த மெழுகுதிரிப் புகையினால் ஓவியங்கள் கறுத்துப் போயின. அதனால் மைக்கல் ஆஞ்சலோ மங்கிய வண்ணங்களையே விரும்பினார் எனப் பழைய நூல்கள் கூறின. 1980 இற்கும் 1989 இற்கும் இடையில் விதானம் சுத்திகரிக்கப்பட்டபோது பச்சை, செம்மஞ்சள், ஊதா முதலிய பிரகாசமான வண்ணங்கள் வெளிப்பட்டன. ஆடையின் நிழற் பகுதியை அதே நிறத்தின் கருமையால் காட்டாமல் வேறொரு நிறத்தால் காட்டும் முறையையும் அவர் கையாண்டுள்ளார். பழைய குறிப்புகளைப் படிப்போர் இதனை மனங்கொள்ள வேண்டும்.

8. நிறைவேறாத கல்லறை

1513 இல் இரண்டாம் ஜூலியஸ் இறந்தார். கல்லறைத் திட்டம் மீண்டும் மீண்டும் சுருக்கப்பட்டது. புதிய பாப்பரசர்கள் புதிய வேலைகளைக் கொடுத்தனர். ஜூலியஸின் வாரிசுகளோ வாங்கிய பணத்திற்கு வேலை எங்கே எனக் கேட்டனர். 40 ஆண்டுகள் இழுபட்ட பின்னர் 1545 இலேயே இது முடிவுற்றது. அதுவும் உரோமின் சான் பியேற்றோ இன் வின்கொலி தேவாலயத்தில் ஒரு சுவரோடு சேர்ந்த சிறிய அமைப்பாக. பாப்பரசரின் உடல்கூட அங்கு இல்லை. ஆயினும் அதன் நடுவிலுள்ள மோசே சிற்பம் உலகப் புகழ் பெற்றது. அமர்ந்திருக்கும் உருவமாயினும் எழுந்துவிடப்போகும் வேகம் அதில் தெரிகின்றது.

இக்கல்லறைக்கெனத் தொடங்கப்பட்ட கைதிகள் சிற்பங்கள் நான்கு அக்கடமியா கலைக்கூடத்தில் முடிவுறாத நிலையில் உள்ளன. பாதி உடல் வெளியே, பாதி உடல் கல்லுக்குள்ளே. கல்லிலிருந்து விடுபடப் போராடும் மனிதர்கள் போல் அவை காட்சியளிக்கின்றன. முடிக்காததை ஏன் சேர் பெரிய கலை என்கிறார்கள் என்று என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. முடிந்த சிற்பம் உருவத்தைக் காட்டுகின்றது. இவையோ உருவம் எவ்வாறு பிறக்கின்றது என்பதைக் காட்டுகின்றன. மேலே ஐந்தாம் பகுதியிற் படித்த நுட்பத்தை விளக்க இவற்றைவிடச் சிறந்த உதாரணம் வேறில்லை.

1520 முதல் 1534 வரை புளோரன்ஸின் சான் லொறென்சோ தேவாலயத்தில் மெடிச்சிக் கல்லறை மண்டபத்தை அமைத்தார். பகல், இரவு, வைகறை, அந்தி எனக் காலத்தைக் குறிக்கும் நான்கு உருவங்கள் அங்குள்ளன. இடையில், 1529 இல், அதே மெடிச்சிக் குடும்பத்திற்கு எதிராகப் புளோரன்ஸ் குடியரசின் அரண்களை அமைக்கும் பொறுப்பையும் ஏற்றார். 1530 இல் குடியரசு வீழ்ந்தபோது அவர் ஒளிந்திருக்க நேர்ந்தது. மன்னிக்கப்பட்ட பின் மீண்டும் அவர்களுக்கே வேலை செய்தார். 1534 இல் உரோமுக்குச் சென்றவர் உயிருடன் புளோரன்ஸுக்குத் திரும்பவில்லை.

9. இறுதித் தீர்ப்பு (1536 – 1541)

விதானம் முடிந்து கால் நூற்றாண்டு கழிந்த பின், 61 வயதில், அதே சிஸ்டைன் சிற்றாலயத்தின் பீடச் சுவரில் இறுதித் தீர்ப்பை வரையத் தொடங்கினார். எண்ணெய் வண்ணத்திற்கென ஏற்கெனவே ஆயத்தம் செய்யப்பட்டிருந்த சுவரை உடைத்தகற்றுவித்து, ஈரச்சுதை முறையிலேயே வரைந்தார்.

நீலப் பின்னணியில் நடுவே கிறிஸ்து கையை உயர்த்தி நிற்க, ஒருபுறம் மீட்கப்பட்டோர் மேலெழ, மறுபுறம் தண்டிக்கப்பட்டோர் கீழே வீழ்கின்றனர். விதானத்தில் காணப்பட்ட ஒழுங்கான பிரிப்பு இங்கு இல்லை. சுவர் முழுவதும் ஒரே சுழற்சி. புனித பர்த்தலோமேயுவின் கையிலுள்ள உரிக்கப்பட்ட தோலில் காணப்படும் முகம் ஓவியருடையதே எனக் கருதப்படுகின்றது. உருவங்கள் ஆடையின்றி இருந்தமை கண்டிக்கப்பட்டது. அவர் இறந்த பின்னர் அவரது நண்பரான டானியேல் டா வொல்தேரா பல உருவங்களுக்கு ஆடை தீட்டும்படி பணிக்கப்பட்டார்.

10. கட்டடக் கலையும் இறுதிக் காலமும்

1547 இல், 71 வயதில், புனித பேதுரு பேராலயத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராகப் பொறுப்பேற்றார். இவ்வேலைக்கு அவர் சம்பளம் பெறவில்லை. குவிமாடம் அவர் காலத்தில் நிறைவுறவில்லை. அவரது மாதிரியைச் சிறிது மாற்றி ஜியாக்கொமோ டெல்லா போர்த்தா 1590 இல் நிறைவுசெய்தார்.

முதுமையில் தமக்கெனவே இரு பியற்றாச் சிற்பங்களைச் செதுக்கினார். ஒன்றைத் தாமே சுத்தியலால் உடைத்தார். மற்றையதான றொண்டனினி பியற்றாவில் இறப்பதற்குச் சில நாட்கள் முன்னரும் உளியுடன் வேலை செய்தார். 24 வயதில் செய்த பியற்றாவுடன் இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். மெருகு இல்லை. தசைகளின் திரட்சி இல்லை. தாயும் மகனும் மெலிந்து ஒன்றாகிப்போன இரு உருவங்கள். மனித உடலின் வலிமையைக் கல்லில் காட்டிய கை, இறுதியில் அதன் நலிவைச் செதுக்கியது.

1564 ஆம் ஆண்டு பெப்ரவரி 18 ஆம் திகதி, 88 வயதில், உரோமில் காலமானார். உடல் புளோரன்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டு சாந்தா குறோச்சே தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

11. விடை எழுதும்போது

மாணவர்களே, இவரைப் பற்றி எழுதும்போது வெறும் பெயர்ப் பட்டியலுடன் நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு படைப்புக்கும் ஊடகம், நுட்பம், சிறப்பியல்பு என்ற மூன்றையும் எழுதுங்கள். அவரது பெரும் படைப்புகள் பல அவர் விரும்பிக் கேட்ட வசதிகளுடன் பிறக்கவில்லை என்பதையும் குறிப்பிடலாம். டேவிட் மற்றவர்கள் கைவிட்ட கல். விதானம் அவர் மறுத்த வேலை. அவர் ஆசையுடன் தொடங்கிய கல்லறையோ நிறைவேறவே இல்லை. இந்த மூன்று வரிகளையும் உங்கள் சொந்த நடையில் விளக்கினால் விடை தனித்து நிற்கும்.

நினைவிற் கொள்ள வேண்டிய ஆண்டுகள்

1475 – பிறப்பு
1488 – கிர்லண்டாயோவிடம் மாணவராதல்
1498 – 1499 – பியற்றா
1501 – 1504 – டேவிட்
1508 – 1512 – சிஸ்டைன் விதானம்
1520 – 1534 – மெடிச்சிக் கல்லறை மண்டபம்
1536 – 1541 – இறுதித் தீர்ப்பு
1545 – ஜூலியஸ் கல்லறை நிறைவு
1547 – பேராலயத்தின் தலைமைக் கட்டடக் கலைஞர்
1564 – இறப்பு

பயிற்சி வினாக்கள்

1. மைக்கல் ஆஞ்சலோவின் கலைத்திறனுக்கு அடித்தளமாக அமைந்த மூன்று இடங்களையும் குறிப்பிட்டு, ஒவ்வொன்றிலும் அவர் பெற்ற அறிவை எழுதுக.
2. டேவிட் சிற்பத்தின் உருவ அமைப்பு, கல்லின் இயல்பினால் எவ்வாறு தீர்மானிக்கப்பட்டது என விளக்குக.
3. ஈரச்சுதை ஓவிய முறையின் படிகளை ஒழுங்காகத் தருக.
4. சிஸ்டைன் விதான ஓவியங்களில் ஒரு சிற்பியின் கை தெரிகின்றது. உதாரணங்களுடன் நிறுவுக.
5. வத்திக்கானிலுள்ள பியற்றாவையும் றொண்டனினி பியற்றாவையும் ஒப்பிடுக.

முதலில் நூலை மூடிவைத்து எழுதுங்கள். பின்னர் திறந்து நீங்களே திருத்துங்கள். நான்காம் வினாவுக்கு நூலைப் பாராமல் நான்கு காரணங்களாவது எழுத முடிந்தால், இந்த அலகை நீங்கள் விளங்கிப் படித்துள்ளீர்கள் என்று கொள்ளலாம்.